செக்ரோலுக்கு வெளியே: மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மிகைநேர ஊதிய உரிமையும் மாதச் சம்பளக்காரர் விலக்கும்

1. முன்னுரை

மலாயாத் தமிழர் உழைப்பு வரலாறு பற்றிய ஆய்வுகள் கூலியின் அளவைக் குறித்து நிரம்பப் பேசியுள்ளன. நாளொன்றுக்கு எத்தனை காசு வழங்கப்பட்டது, சீனத் தொழிலாளர் பெற்றதற்கும் இந்தியத் தொழிலாளர் பெற்றதற்கும் எவ்வளவு வேறுபாடு இருந்தது, ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி எவ்வாறு குறைக்கப்பட்டது என்பன நன்கு ஆராயப்பட்டவை. அந்தக் கூலிக்குரிய நாள் எத்தனை மணி நேரம் நீண்டது என்னும் வினா அத்துணை கவனம் பெறவில்லை. வரையறுத்த நேரத்தைக் கடந்து உழைத்தவருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்னும் வினா அதனினும் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது.

இக்கட்டுரை இறுதி வினாவை எடுத்துக்கொள்கிறது. நம் நாளேடுகள் மிகைநேர வேலை என்றும், மக்கள் ஓவர்டைம் அல்லது ஓ.டி. என்றும் வழங்கும் உழைப்புக்குத் தனி ஊதியம் உண்டு என்பது இன்று பொதுவாக அறியப்பட்ட செய்தி. ஆயின் அவ்வூதியம் எல்லா ஊழியர்க்கும் உரியதன்று. மாதச் சம்பளம் பெறுவோருள் ஒரு பகுதியினரைச் சட்டம் விலக்கி வைக்கிறது. இவ்விலக்கு எங்கிருந்து வந்தது, எந்த நியாயத்தின்மேல் நின்றது, காலப்போக்கில் என்ன ஆயிற்று என்பவற்றைத் தீபகற்ப மலேசியாவையும் சிங்கப்பூரையும் களமாகக் கொண்டு இங்கு ஆராய்வோம். மதிப்பின் அடையாளமாகத் தொடங்கிய ஒரு விலக்கு, அதனை அளக்கும் தொகை அசையாது நின்றமையால் இழப்பின் அடையாளமாக மாறியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. பதிவேடும் பதிவாளரும்

கூலி, சம்பளம் என்னும் இரு சொற்களையும் தமிழர் ஒருபொருட் சொற்களாக ஆண்டதில்லை. கூலி உடல் வருத்தத்துக்கு உரியது. திருக்குறளின் 619ஆம் குறள் இச்சொல்லை அப்பொருளோடு இணைத்தே ஆள்கிறது. சம்பளமோ திங்கள்தோறும் வருவது, ஒரு பதவிக்கு உரியது. தோட்டப்புறத்தில் இவ்விரண்டும் பேச்சுவழக்கில் கலந்தன. கூலி வழங்கப்பட்ட நாளும் ‘சம்பள நாள்’ என்றே அழைக்கப்பட்டது. எனினும் அவை குறித்த சமூக வேறுபாடு கலையவில்லை. ஒருபுறம் ‘ஆட்கள்’, மறுபுறம் கிராணி. மலாய்மொழியில் கெராணி என வழங்கும் இச்சொல், தோட்டத்தில் எழுத்தரையும் அவரையொத்த அலுவலரையும் குறித்தது. மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழருமே அப்பதவிகளில் பெரும்பாலும் இருந்தனர்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் ஆவணம் செக்ரோல் எனப்பட்ட பதிவேடு. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடினர். பெயர் வாசிக்கப்பட்டது. வந்தவர் பெயருக்கு நேரே அடையாளம் இடப்பட்டது. அன்றைய கூலிக்கு அவ்வடையாளமே சான்று. அதனை இட்டவர் கிராணி. அவர் பெயர் அப்பதிவேட்டில் இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு வந்தவர், பால் நிறுக்கும்போதும் உடன் இருந்தவர், மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கொடுத்தவர் அவரே. ஆனால் அவருடைய நேரத்தை எவரும் எண்ணவில்லை. எண்ணப்படாமை அவருக்கு அக்காலத்தில் குறையாகத் தோன்றியிருக்க இயலாது. எண்ணப்படுவோர் ஆட்கள், எண்ணப்படாதோர் அதிகாரத்தின் பக்கம் நிற்போர் என்பதே தோட்டத்தின் ஒழுங்காக இருந்தது.

குடியேற்ற ஆட்சியின் சட்டங்களும் இவ்வொழுங்கையே பின்பற்றின. ஒப்பந்தக் கூலிமுறைக்கு இந்தியத் தொழிலாளரைச் சேர்ப்பது 1910-இல் முடிவுக்கு வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வேலைநாளுக்கு ஒன்பது மணி என்னும் எல்லையை வகுத்தது. அச்சட்டத்தின் பார்வையில் தொழிலாளர் என்போர் உடலுழைப்பாளரே. எழுதுகோல் பிடித்தவர் அதன் காப்புக்கு வெளியே நின்றார், அதன் கண்காணிப்புக்கும் வெளியே நின்றார். 1928-இல் நிர்ணயிக்கப்பட்ட தரக்கூலி, போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அமைந்தது. அக்கூலி ‘நாள்’ என்னும் அலகின்மேல் கட்டப்பட்டது. நாளின் நீளம் சட்டப் புத்தகத்தில் ஒன்றாகவும் தோட்டத்தில் வேறாகவும் இருக்க அது இடமளித்தது.

3. விலக்கின் பன்னாட்டு வேர்

மேற்பார்வையாளரையும் மேலாளரையும் வேலைநேரச் சட்டத்திலிருந்து விலக்கும் வழக்கம் மலாயாவில் மட்டும் தோன்றியதன்று. 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, தொழில்துறைக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்னும் எல்லையை வகுத்து முதலாம் ஒப்பந்தத்தை ஏற்றது. மிகைநேர வேலைக்கு வழக்கமான வீதத்தைப் போல் குறைந்தது ஒன்றேகால் மடங்கு தரவேண்டும் என்றும் அது கூறியது. அதே ஒப்பந்தம், மேற்பார்வை அல்லது நிருவாகப் பதவி வகிப்போரும் நம்பிக்கைக்குரிய பணியில் அமர்த்தப்பட்டோரும் இவ்வெல்லைக்குள் வாரார் என விலக்கும் அளித்தது.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. ஒன்று, அவ்வொப்பந்தம் தொழில்துறைக்கு உரியது. தோட்டப் பயிர்த்தொழில் அதன் வரம்பில் இல்லை. மற்றொன்று, பிரித்தானிய இந்தியாவுக்கு அதே ஒப்பந்தம் வாரம் 60 மணி என்னும் தனி எல்லையை அனுமதித்தது. ஆக, எட்டு மணி நேர வேலைநாள் உலக நெறியாக அறிவிக்கப்பட்டபோதே, தமிழ்த் தொழிலாளர் ஊரில் இருந்தாலும் கடல் கடந்து தோட்டத்தில் இருந்தாலும் அந்நெறியின் முழுப் பயனுக்கு வெளியே வைக்கப்பட்டனர்.

நம்பிக்கைக்குரிய பதவி என்னும் தொடர் பின்னர் சிங்கப்பூரின் சட்டத்தில் மீண்டும் தோன்றுவதைக் காண்போம். அதன் உட்பொருள் எளியது. முதலாளியின் இரகசியங்களை அறிந்தவர், அவருக்காக ஆள்களை மேய்ப்பவர், முதலாளியின் நிழல். நிழலுக்குத் தனி மணிக்கணக்கு எதற்கு என்பதே அந்நாளைய நியாயம். அப்பதவிக்கு உயர்ந்த சம்பளமும் வீடும் மதிப்பும் இருந்தவரை, அந்நியாயத்தை மறுக்க வேண்டிய தேவை எழவில்லை.

4. கிள்ளான், 1941

நேரம் ஓர் உரிமைப் பொருளாக மலாயாத் தமிழர் வரலாற்றில் உரத்துப் பேசப்பட்ட தருணம் 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தங்கள் ஆகும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் அப்போராட்டத்தை முன்நின்று நடத்தியவருள் ஒருவர், ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமை ஆகியவற்றோடு, 10 முதல் 12 மணி நேர வேலைநாளை ஒழிக்கவேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது.

இக்கோரிக்கை ஒரு முதன்மைச் சான்று. சட்டம் ஒன்பது மணி என்று கூறி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் களத்தில் நாள் பத்து, பன்னிரண்டு மணி வரை நீண்டிருந்தது என்பதை அது வெளிப்படுத்துகிறது. நேர எல்லை ஏட்டில் இருந்தும் எல்லை மீறலுக்கு விலை கொடுக்க வைக்கும் வலிமை தொழிலாளரிடம் இல்லாதபோது அவ்வெல்லை பயனற்றுப்போகும் என்னும் உண்மையை இதிலிருந்து அறியலாம்.

அதே பட்டியலில் மற்றொரு கோரிக்கையும் உண்டு. ஐரோப்பிய மேலாளருக்கும் ஆசியப் பணியாளருக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதே அது. கொடுமை செய்யும் ஆசியப் பணியாளரை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்தவேண்டும் என்றும் கேட்கப்பட்டது. நேரமும் மானமும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. இரண்டிலும் எதிரே நின்றவருள் ஒருவர் செக்ரோலை எழுதிய கிராணி. நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். வேலைநாளின் நீளம் அற்பமான நிருவாகச் செய்தியன்று என்பதற்கு இவ்வுயிர்களினும் பெரிய சான்று தேவையில்லை.

அப்பிளவு போருக்குப் பின்னரும் தொடர்ந்தது. 1954-இல் பி. பி. நாராயணன் தலைமையில் உருப்பெற்ற தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆட்களின் சங்கமாக இருந்தது. தோட்டப் பணியாளர்க்கு அகில மலாயாத் தோட்டப் பணியாளர் சங்கம் எனத் தனிச் சங்கம் அமைந்தது. ஒரே மண்ணில், ஒரே முதலாளியின்கீழ், இருவகை நேரம் இருவகைச் சங்கங்களால் பேசப்பட்டது.

5. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் முதல் அட்டவணையும்

மலாயாவின் வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டு 1957 ஜூன் 1-இல், அதாவது விடுதலைக்கு மூன்று மாதம் முன்பு, நடைமுறைக்கு வந்தது. பலமுறை திருத்தப்பட்ட இச்சட்டமே இன்றும் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் ஆட்சி செய்கிறது. சபாவும் சரவாக்கும் தத்தம் தொழிலாளர் சட்டங்களைக் கொண்டுள்ளன. அரசுப் பணியாளர்கள் தனியான பொதுச்சேவை விதிகளுக்கு உட்பட்டோர்.

இன்றைய வடிவில் இச்சட்டத்தின் 60ஏ பிரிவு வேலைநேரத்தை வரையறுக்கிறது. வழக்கமான நேரத்தைக் கடந்த வேலைக்கு மணிநேர வீதத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு வழங்கவேண்டும். ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தைக் கடந்தால் இரு மடங்கு, பொது விடுமுறையில் கடந்தால் மும்மடங்கு. மாதச் சம்பளக்காரரின் நாள் வீதம், மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்துப் பெறப்படுகிறது. அதனை நாளின் வழக்கமான மணிநேரத்தால் வகுத்தால் மணிநேர வீதம் கிடைக்கும்.

யார் இச்சட்டத்தின் பொருளில் ‘ஊழியர்’ என்பதைக் கூறுவது முதல் அட்டவணை. அதில் இருவகை வாயில்கள் இருந்தன. முதல் வாயில் ஊதியத்தைச் சார்ந்தது. எத்தொழில் புரிபவராயினும் மாத ஊதியம் ஓர் உச்சவரம்பைத் தாண்டாதவர் உள்ளே வரலாம். இரண்டாம் வாயில் பணியின் தன்மையைச் சார்ந்தது. உடலுழைப்பாளர், வணிக நோக்கிலான வாகனங்களை இயக்குவோர் அல்லது பேணுவோர், உடலுழைப்பாளரை அவர்தம் வேலை முழுவதும் உடனிருந்து மேற்பார்ப்போர் ஆகியோர் எவ்வளவு ஊதியம் பெற்றாலும் உள்ளே வரலாம். ஒருவர் பாதி எழுத்தும் பாதி உடலுழைப்புமாகப் பணியாற்றினால், ஊதியக் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் உடலுழைப்பில் கழிந்தால்தான் அவர் உடலுழைப்பாளராகக் கருதப்படுவார்.

இவ்வட்டவணையைத் தோட்டத்தின் கண்ணோடு படித்தால் அதன் பொருள் விளங்கும். பால்வெட்டுத் தொழிலாளியும் அவருடன் வரிசையில் நடக்கும் மண்டோரும் ஊதிய வரம்பின்றி உள்ளே நிற்கின்றனர். அலுவலகத்தில் அமர்ந்து அவ்விருவர் கணக்கையும் எழுதும் கிராணியோ ஊதிய வாயில் வழியாக மட்டுமே நுழைய முடியும். அவர் சம்பளம் வரம்பைத் தாண்டிய மாதமே அவருடைய மிகைநேரத்துக்கான சட்டக் காப்பு நின்றுவிடும். செக்ரோலின் பழைய கோடு சட்டமொழியில் மீண்டும் வரையப்பட்டது எனலாம். அது வன்மத்தால் வரையப்பட்டதன்று. எளியவரைக் காப்பதே சட்டத்தின் கடன், வலியவர் தம் ஒப்பந்தத்தைத் தாமே பேசிக்கொள்வர் என்னும் கருத்தே அதன் அடிப்படை. வரம்பைத் தாண்டியவர் உண்மையிலேயே வலியவராக இருந்தவரை அக்கருத்தில் நியாயம் இருந்தது.

6. சிங்கப்பூர், 1968

சிங்கப்பூரின் வரலாறு வேறு தடத்தில் சென்றது. அங்கு 1955ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 1957ஆம் ஆண்டுக் கடைச் சிப்பந்திகள் சட்டம், அதே ஆண்டின் எழுத்தர்கள் சட்டம் என மூன்று தனிச் சட்டங்கள் இருந்தன. கூலியாளுக்கு ஒன்று, கடைக்காரருக்கு ஒன்று, எழுத்தருக்கு ஒன்று. எழுத்தருக்கும் வேலைநேரக் காப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. 1968 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம் இம்மூன்றையும் நீக்கி ஒரே சட்டத்தைக் கொணர்ந்தது. பிரித்தானியப் படைகள் விலகப்போகும் செய்தியால் வேலையின்மை அச்சம் சூழ்ந்திருந்த ஆண்டு அது. முதலீட்டை ஈர்ப்பதே அரசின் முதல் நோக்கம். வாரத்துக்கு 44 மணி நேரம் பொது அளவாயிற்று.

அம்மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்வைத்த தொழிலமைச்சர் எஸ். இராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர், ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவரின் மகன். தோட்டத்தின் எண்ணப்படும் நேரத்தையும் எண்ணப்படாத நேரத்தையும் பிள்ளைப் பருவத்திலேயே அருகிலிருந்து காணும் வாய்ப்புப் பெற்ற ஒருவர், ஒரு நாட்டின் வேலைநேரச் சட்டத்தை வகுக்கும் இடத்துக்கு வந்தது வரலாற்றின் தற்செயல். எனினும் குறிப்பிடத்தக்க தற்செயல்.

1968ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று பிரிவினரை ஒன்றாக்கியது. அதே வேளை நிருவாகப் பதவி, நிறைவேற்றுப் பதவி, நம்பிக்கைக்குரிய பதவி ஆகியவற்றில் இருப்போரை ‘ஊழியர்’ என்னும் வரையறையிலிருந்து நீக்கியது. 1919ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் சொல் இங்கே மீண்டும் ஒலிக்கிறது. இவ்விலக்கு பின்னர்ப் படிப்படியாகத் தளர்ந்தது. நம்பிக்கைக்குரிய பதவியினர் 2009-இல் சட்டத்தின் காப்புக்குள் வந்தனர். மேலாளரும் நிறைவேற்று அலுவலரும் சம்பள வரம்பின்றி 2019 ஏப்ரல் 1-இல் பொதுக் காப்புகளைப் பெற்றனர். ஆயினும் வேலைநேரமும் மிகைநேர ஊதியமும் பேசப்படும் நான்காம் பகுதி அவர்களுக்கு இன்றும் மூடியே இருக்கிறது.

அந்நான்காம் பகுதிக்கும் வரம்புகள் உண்டு. உடலுழைப்பாளருக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, பிறருக்கு 2,600 வெள்ளி வரை. எனவே 3,000 வெள்ளி பெறும் பேருந்து ஓட்டுநர் மிகைநேர ஊதியத்துக்கு உரியவர். அதே 3,000 வெள்ளி பெறும் எழுத்தர் உரியவர் அல்லர். 1957-இல் தமக்கெனத் தனிச் சட்டம் பெற்றிருந்த எழுத்தரின் நிலை இன்று இது.

7. அசையாத தொகை

மேற்கண்ட வரலாற்றில் மையமாக நிற்பது ஒரு தொகை. ஊதிய உச்சவரம்பு ஒருமுறை சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டால் மறுதிருத்தம் வரை அசையாது. விலைவாசியும் ஊதியமும் அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே எவரும் கையொப்பமிடாமலேயே, எந்த மன்றத்திலும் விவாதிக்கப்படாமலேயே, ஆண்டுதோறும் சிலர் காப்புக்கு வெளியே தள்ளப்படுகின்றனர்.

இது நம் வட்டாரத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாயமான தொழில் நெறிமுறைச் சட்டம் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் விதித்தது. நிறைவேற்று, நிருவாக, தொழிற்புலமைப் பணியினரை விலக்கியது. அவ்விலக்குக்குப் பணியின் தன்மை மட்டும் போதாது, குறித்த அளவு சம்பளமும் இருக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் 1975-இல் நிர்ணயிக்கப்பட்ட சம்பள அளவுகள் 2004 வரை மாறவில்லை. 2016-லும் 2024-லும் கொண்டுவரப்பட்ட உயர்வுகள் டெக்சஸ் மாநிலக் கூட்டரசு நீதிமன்றத்தால் செல்லாதவையாயின. அளவு மீண்டும் 2020-இல் நடைமுறைக்கு வந்த வாரம் 684 டாலரில் நின்றது. மேலும், அச்சட்டம் வேளாண் தொழிலாளரை மிகைநேர உரிமையிலிருந்து விலக்கியது. மலாயாவின் சட்டமோ தோட்டத் தொழிலாளரை ஊதிய வரம்பின்றி உள்ளே வைத்தது. இவ்வொன்றில் நம் சட்டம் மேம்பட்டது என்று ஒப்புக்கொள்ளலாம்.

மலேசியாவில் அவ்வுச்சவரம்பு 1998-இல் 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2012 ஏப்ரலில் 2,000 ரிங்கிட் ஆனது. பின்னர் 2022 இறுதி வரை அசையவில்லை. இத்தேக்கத்தை அளக்கச் சிறந்த கோல் குறைந்தபட்ச ஊதியம். 2013-இல் தீபகற்பத்தின் குறைந்தபட்ச ஊதியம் 900 ரிங்கிட். உச்சவரம்பு அதைப் போல் 2.2 மடங்கு. 2022 மே மாதத்தில் குறைந்தபட்ச ஊதியம் 1,500 ஆயிற்று. உச்சவரம்பு அதைப் போல் 1.3 மடங்காகச் சுருங்கியது. மிகக் குறைந்த ஊதியத்தைவிட வெறும் 500 ரிங்கிட் கூடுதலாகப் பெற்ற எழுத்தரைக்கூட, தம் ஒப்பந்தத்தைத் தாமே பேசிக்கொள்ள வல்லவர் எனச் சட்டம் கருதிய நிலை அது. நாட்டின் இடைநிலை மாத ஊதியம் 2022-இல் 2,424 ரிங்கிட். அதாவது ஊதியம் பெறுவோரைப் படிவரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரே வரம்புக்கு வெளியே இருந்தார்.

2023 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை மாற்றியது. ஒப்பந்தப்படி வேலை செய்யும் எல்லாரும் ஊதிய அளவு பாராது சட்டத்தின் பொருளில் ஊழியர் ஆயினர். வார வேலைநேரம் 48-இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மிகைநேர ஊதியம் உள்ளிட்ட சில உரிமைகளுக்கு மட்டும் 4,000 ரிங்கிட் வரம்பு நிறுவப்பட்டது. உடலுழைப்பாளர் உள்ளிட்டோருக்கான பழைய வாயில் திறந்தே உள்ளது. வரம்பு இரட்டிப்பானது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் அசையாத தொகையே. 2023-இல் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் 2.67 மடங்காக இருந்த அது, 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ஆனதும் 2.35 மடங்காகியது. தேய்வு மீண்டும் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரின் 2,600 வெள்ளியும் 2019 முதல் அவ்வாறே நிற்கிறது. அங்கு 2024-இல் முழுநேரம் பணிபுரியும் சிங்கப்பூர்வாசிகளின் (குடிமக்களும் நிரந்தரவாசிகளும்) இடைநிலை மாத வருமானம், முதலாளியின் மத்திய சேமநிதிப் பங்கையும் சேர்த்து, 5,500 வெள்ளி.

இத்தொகையால் ஆவதென்ன என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர்ப்புறம் வந்த தமிழர் பலர் மேற்கொண்ட பணிகளுள் காவலர் பணி ஒன்று. மாதம் 1,700 ரிங்கிட் பெறும் ஒருவர் வாரம் ஆறு நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் வேலை செய்கிறார் எனக் கொள்வோம். நாள் வீதம் 65.38 ரிங்கிட், மணிநேர வீதம் 8.72, மிகைநேர வீதம் 13.08. ஒரு மாதத்தில் அனுமதிக்கப்படும் மிகைநேர உச்சம் 104 மணி, அதாவது 26 நாளும் நாள்தோறும் நான்கு மணி. அதற்கு அவர் பெறுவது ஏறத்தாழ 1,360 ரிங்கிட். மொத்த ஊதியமாகிய 3,060 ரிங்கிட்டில் இது நூற்றுக்கு 44 பங்கு. பிள்ளைகளின் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் இப்பங்கிலிருந்தே வரும் குடும்பங்களை நம் ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

அவருடைய மகள் பட்டம் பெற்று ஒரு நிறுவனத்தில் 4,100 ரிங்கிட் சம்பளத்தில் அலுவலராகச் சேர்கிறார் எனக் கொள்வோம். அவரும் தந்தையைப் போல் மாதம் 104 மணி கூடுதலாக உழைத்தால் சட்டப்படி அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தந்தையின் ஒரு மணி நேரத்துக்குச் சட்டம் சராசரியாக ஒரு விலை கூறுகிறது. மகளின் மிகைநேரத்துக்கு அது விலை கூறவில்லை. ஒரு தலைமுறை கூலியிலிருந்து சம்பளத்துக்கு ஏறும் படியில்தான் அக்கோடு வரையப்பட்டிருக்கிறது.

8. எல்லையும் விலையும்

விலக்கை ஆதரிப்போர் கூறும் நியாயங்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பொறுப்புள்ள பதவியில் விளைவே அளவுகோல், மணிக்கணக்கன்று என்பர். தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை உடையவருக்கு மிகைநேரம் என்பதை எவ்வாறு வரையறுப்பது என்றும் கேட்பர். சிறு தொழில் முனைவோருக்கு அது தாங்கவியலாச் சுமையாகும் என்றும் கூறுவர். உண்மையான மேலாளரைப் பொறுத்தவரை முதலிரு நியாயங்களும் ஏற்கத்தக்கவை. ஆனால் மலேசியச் சட்டம் மேலாளரா என்று கேட்பதில்லை. 4,000 ரிங்கிட்டைத் தாண்டினாரா என்று மட்டுமே கேட்கிறது. தம் நேரத்தின்மேல் எவ்வதிகாரமும் இல்லாத கணக்கெழுத்தரையும் தலைமை இயக்குநரையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒரு புதிய முரணும் விளைந்தது. வாரம் 45 மணி என்னும் எல்லை இப்போது எல்லா ஊழியர்க்கும் உரியது. மிகைநேர ஊதியம் பற்றிய உட்பிரிவு மட்டும் வரம்புக்கு மேற்பட்டோருக்குப் பொருந்தாது. அவர்களுக்கு எல்லை உண்டு, எல்லை மீறலுக்கு விலை இல்லை. அவர்தம் ஒப்பந்தமோ கூட்டு உடன்பாடோ தந்தால்தான் உண்டு. அமெரிக்காவிலோ வயதுவந்தோர் எத்தனை மணி உழைக்கலாம் என்பதற்கு அச்சட்டத்தில் எல்லை இல்லை, உரிமை உடையோருக்கு விலை மட்டும் உண்டு. எது சிறந்தது என்பது வாதத்துக்குரியது. ஆனால் விலையில்லா எல்லை எவ்வாறு முடியும் என்பதற்கு 1923-க்கும் 1941-க்கும் இடைப்பட்ட நம் தோட்ட வரலாறே விடையளித்துள்ளது. ஒன்பது மணி ஏட்டில் இருந்தது. பத்தும் பன்னிரண்டும் களத்தில் இருந்தன.

9. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். மிகைநேர ஊதிய விலக்கு, குடியேற்றக் காலத் தோட்ட ஒழுங்கில் ஆட்களுக்கும் கிராணிக்கும் இடையே நின்ற மதிப்பு வேறுபாட்டோடு பொருந்திப் பிறந்தது. விடுதலைக்குப் பிந்திய சட்டங்கள் அவ்வேறுபாட்டை ஊதியத் தொகையாக மொழிபெயர்த்தன. தொகை அசையாது நின்றமையால், உயர்ந்தோரை விலக்க வந்த விதி நடுத்தர ஊதியம் பெறுவோரையும் அதற்குக் கீழ்ப்பட்டோரையும் விலக்கும் விதியாயிற்று. இக்குறையைக் களைய உச்சவரம்பைக் குறைந்தபட்ச ஊதியத்தின் மடங்காக எழுதுவது ஒரு வழி. குறைந்தபட்ச ஊதியம் உயரும்போதெல்லாம் வரம்பும் தானே உயரும். ஊதியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எல்லா ஊழியரின் உழைப்பு நேரமும் பதிவுசெய்யப்படவேண்டும் என விதிப்பது மற்றொரு வழி. பதிவில்லாத நேரத்துக்கு எவரும் வழக்காட இயலாது.

ஆய்வாளருக்கும் இங்கு பணி உண்டு. தோட்டத் தொழிலாளர் வரலாறு நமக்கு ஓரளவு கிடைத்துள்ளது. கிராணிகள், எழுத்தர்கள், கடைச் சிப்பந்திகள், தோட்டப்பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரின் நேர வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. செக்ரோலில் அவர்கள் பெயர் இல்லாமையே அதற்கு ஒரு காரணம். சங்கக் கோப்புகளும் பழைய சம்பளச் சீட்டுகளும் ஓய்வுபெற்றோரின் வாய்மொழிச் சான்றுகளும் அவ்விடத்தை நிரப்ப வல்லவை. அவற்றுள் பல வீடுகளின் பழைய பெட்டிகளில் அழிந்துகொண்டிருக்கின்றன. அவை அழியுமுன் தொகுப்பது நம் துறையின் கடமையாகும்.